ஜார்ஜ்டவுனில் வரிசை, பட்டர்வொர்த்தில் அத்தை

கேள்வி: கோவில்பட்டியிலிருந்து குடும்பத்தோடு பினாங்கு வந்து ஐந்து நாள் தங்கினோம். போனில் பார்த்துப் பேர்போன கடைகளாகத் தேடிப் போனோம். ஒரு நாசி கண்டார் கடையில் முக்கால் மணி நேரம் வரிசை. எங்கும் சுற்றுலாக் கூட்டம்தான். உள்ளூர்க்காரர் சாப்பிடும் சாப்பாடு கிடைக்கவில்லை. பட்டர்வொர்த்தில் அப்பாவின் அக்கா இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டார், வயதானவருக்கு எதற்குச் சிரமம் என்று போனில் பேசியதோடு சரி. தைப்பூசத்துக்கு மறுபடி வருகிறோம். எங்கே சாப்பிடலாம்?

பதில்: கடைப் பேர் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பஞ்சமே இல்லை. கடை இருக்கட்டும், முதலில் அத்தையைப் பற்றிப் பேசுவோம்.

யாருக்குச் சிரமம், தம்பி? முன்பின் தெரியாதவர் கடை வாசலில் வெயிலில் நிற்க முடிந்தது. ஃபெர்ரி ஏறி அக்கரைக்குப் போக முடியவில்லையா? ‘சாப்பிட வாங்க’ என்று சொன்ன கையோடு, மீனுக்கு யாரிடம் சொல்லிவைப்பது என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார். தம்பி மகன் கடல் தாண்டி வந்தும் வாசலை மிதிக்கவில்லை என்பதைப் பக்கத்து வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ!

நீங்கள் தேடிய சாப்பாடும் அங்கேதான் இருந்தது. இங்கே பினாங்கில் நம் வீடுகளில் மிளகாய் விழுதில் பெலாச்சான் என்னும் இறால் விழுது சேர்த்து நெத்திலிச் சம்பால் கிண்டுவார்கள்; பக்கத்து அடுப்பில் ரசம் கொதிக்கும். இடியாப்பத்துக்குச் சொதி. அதே இடியாப்பம் தெருவில் ‘புட்டு மாயம்’ ஆகிவிடும், தேங்காய்ப்பூவும் சர்க்கரையுமாக. புட்டுக்கும் அதற்கும் என்ன உறவோ!

சரி, கடையும் சொல்கிறேன். நாசி கண்டார், தமிழ் முஸ்லிம்கள் காவடிபோல் தோளில் சுமந்து விற்ற சோறு. வேண்டிய கறியைக் கைகாட்டிவிட்டு ‘பஞ்சிர்’ என்று சொல்லுங்கள். நாலைந்து குழம்பைக் கலந்து வெள்ளமாக ஊற்றுவார்கள். கிண்ணத்தில் தனித்தனியாகக் கேட்டால் ருசி போச்சு. ஆயர் ஈத்தாம் பக்கம் அசாம் லக்சா என்னும் நூடுல்ஸ் சூப்: மீனும் புளியும், தேங்காய்ப்பால் கிடையாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். உள்ளூர்க்காரரோடு நின்று சாப்பிடலாம், காசு கேட்கமாட்டார்கள்.

ஆனால் முதல் வேளை அத்தை வீட்டில். கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே போன் போட்டு, ‘பசியோடு வர்றோம் அத்தை’ என்று சொல்லுங்கள். அப்பாவையும் கூட்டிவாருங்கள். வெறுங்கையோடு போகவேண்டாம்; கோவில்பட்டிக்காரருக்கு என்ன வாங்குவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்குப் பல் எப்படி என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு கடலைமிட்டாய் வாங்குங்கள்.