சரிவில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆதார வைத்தியசாலைக்குக் கட்டப்படவுள்ள அவசர சிகிச்சைப் பிரிவின் வரைபடத்தை அபிவிருத்திக் குழுவினராகிய எங்களிடம் காட்டினார்கள். பழைய கட்டடத்தைவிட 6 அடி உயரமான மேட்டில் அது அமையுமாம். கட்டடக்கலை அறியாத நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், ஹட்டன்

பதில்: அறைகளை எண்ணுவதற்கு முன் அந்த 6 அடியைக் கவனியுங்கள். சாய்தளம் 1 அடி உயர்வதற்கு 12 அடியாவது நீள வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே உங்களுக்கு 72 அடி தேவை, இடையில் ட்ரொலியை நிறுத்தச் சமதளமும் வேண்டும். எக்ஸ்ரே அறை பழைய கட்டடத்திலேயே இருக்குமானால், இரத்தம் ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கும் நோயாளியை அவ்வளவு தூரம் இறக்கி, படமெடுத்து, மீண்டும் மேலே தள்ளி வருவது ஒரு சிற்றூழியரின் தோளில்தான் விழும். மேட்டை வெட்டிச் சமப்படுத்தலாமே என்று யாராவது சொல்வார்கள். சரிவின் அடியை வெட்டினால் மேலேயுள்ள மண் பிடிமானத்தை இழக்கும். 2014 இல் மீரியபெத்தையைப் பறிகொடுத்த நமக்கு மண்சரிவைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு மண்வெட்டியும் விழக்கூடாது. எக்ஸ்ரே அறையொன்றைப் புதிய கட்டடத்திலேயே கேட்டு வாங்குங்கள் என்பதே என் யோசனை.

அடுத்து, ஓர் அடிமட்டத்தை எடுத்து, நோயாளரைத் தரம்பிரிக்கும் தாதியின் மேசையிலிருந்து வாசலுக்கு ஒரு கோடும், காத்திருக்கும் வாங்குகளுக்கு இன்னொரு கோடும் வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள். கோடு சுவரில் முட்டினால் அந்தச் சுவரை நகர்த்தச் சொல்லுங்கள். வாங்கில் சாய்ந்தபடியே மயங்கிவிடும் நோயாளி குரல் கொடுக்கமாட்டார். உயிர்காக்கும் சிகிச்சை அறை அம்புலன்ஸ் வாசலை ஒட்டியே இருக்க வேண்டும், நடந்து வருவோருக்கு வாசல் வேறாக இருக்க வேண்டும்.

குளிரைக் கொழும்பு வரைபடங்கள் மறந்துவிடுகின்றன. இரத்தம் இழந்தவரின் உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவதும் தாமதமாகும். ஆகவே அம்புலன்ஸ் வாசலுக்கு இரட்டைக் கதவு வேண்டும். ட்ரொலியும் தள்ளுபவரும் உள்ளே வந்து முதற் கதவு மூடிய பிறகே இரண்டாவது திறக்கக்கூடிய அளவுக்கு இடைவெளியும் வேண்டும். களைநாசினி உடலில் பட்டவரைக் கழுவுவதற்கு, வெளிப்பக்கமாக வாசல் உள்ள, வெந்நீர் வரும் ஓர் அறையும் தேவை.

கேள்வி: செலவைக் குறைக்க, காத்திருப்பு மண்டபத்தைப் பாதியாக்கலாம் என்கிறார்களே, சரியா?
- வாசகி, தலவாக்கலை

பதில்: சரியல்ல. இலவசமான 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இருந்தும், தோட்டத்திலிருந்து முச்சக்கரவண்டியிலும் கொழுந்து லொறியிலும் வருவோர் இன்னும் உண்டு; கூட வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வாகனம் உடனே கிடைப்பதுமில்லை. அத்துடன், மலையில் குளவி கலைந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே லொறியில் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஓரிருவருக்கே உடனடியாக அட்ரினலின் ஊசி தேவைப்படலாம். மற்றவர்களைச் சில மணிநேரம் உட்காரவைத்துக் கண்காணிக்க வேண்டும். அதற்கு உதவுவது இந்த மண்டபம்தான். மண்டபத்தைக் குறைக்காமல், அதன் ஒரு பக்கச் சுவரில் ஒட்சிசன் குழாய் இணைப்புகளைப் பொருத்தச் சொல்லுங்கள். முகப்புக் கூரை லொறி நுழையுமளவுக்கு உயரமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்; அம்புலன்ஸை மட்டும் அளந்து கட்டிய கூரைக்கு வெளியே, மழையில் ஆட்களை இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன்.