தரைப்பணியாளருக்கு விமான மெக்கானிக்கைவிடச் சம்பளம் ஏன் குறைவு?

அமெரிக்க விமான நிறுவனங்களில், தொழிற்சங்க ஒப்பந்தப் பேச்சின்போது மெக்கானிக்குகள் பெறும் ஊதியம் பெட்டி ஏற்றுவோருக்கு ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதற்காரணம் உரிமம்: பழுது பார்த்த விமானம் பறக்கத் தகுதியானது என்று கையொப்பமிடும் மெக்கானிக் அரசுத் தேர்வில் தேறியவர், அவருக்கு மாற்றாள் எளிதில் கிடைக்காது என்பதால் பேச்சுவார்த்தையில் அவர் சொல்லுக்கு எடை அதிகம். தரைப்பணியாளருக்கு அந்தப் பிடி இல்லை. வேலையை வெளி ஒப்பந்ததாரரிடம் கொடுத்துவிடுவார்கள் என்ற அச்சமும் அவருக்கு உண்டு.

அதற்காக அதைத் திறனற்ற வேலை என்பதை நான் ஏற்கமாட்டேன். திருச்சி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் எங்கள் பாபநாசத்துப் பையனின் உள்ளங்கை, கதிரறுத்த அவன் அம்மாவின் கையைப் போலவே காய்த்துக் கிடக்கிறது. விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலிட்டுத்தான் அவன் பெட்டிகளை அடுக்குகிறான்.

அமெரிக்காவில் 1936 முதல் விமானத்துறைக்கும் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின்படி பணிப்பிரிவுகள் தனித்தனியே பேசுவதால், ஒரு பிரிவு பெற்ற உயர்வு மற்றொன்றுக்குத் தானாக வந்து சேராது.