பிரஷருக்கு என்ன சாப்பிடலாம்? கேள்வி பதில்

மதுரையில் பல வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். பிரஷரும் சாப்பாடும் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

செல்லூர் அக்கா ஒருவர்: எங்கள் வீட்டில் உப்பு குறைவுதான். அப்படியும் அவருக்கு 150க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறதே?

குறைவா இல்லையா என்று நாக்கைக் கேட்காதீர்கள் அக்கா, பாக்கெட்டைக் கேளுங்கள். ஒரு கிலோ உப்பு பிரிக்கும் அன்று அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம் கணக்கு. பாக்கெட் 30 நாளில் காலியானால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. ஊறுகாய், அப்பளம், ராத்திரி கடையில் வாங்கும் பரோட்டா சால்னா எல்லாம் இதற்கு வெளியே. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் இருக்கிறது, உப்பில் பிரஷரை ஏற்றும் சோடியம் அதிலும் உண்டு. என்னிடம் வந்த ஒரு வீட்டில் 22 நாளில் பாக்கெட் தீர்ந்தது. அவர்களும் "குறைவாகத்தான் போடுகிறோம்" என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

சாதத்துக்கு உப்புப் போட்டு வடிக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். குழம்பில் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். அதுவரை மிளகு, சீரகம், எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

மேலூர் ஐயா: பழைய சோற்றையும் மோர்மிளகாயையும் விடச் சொல்கிறார்கள்.

பழைய சோற்றை விட வேண்டாம் ஐயா. அதில் அள்ளிப் போடும் கல் உப்பும், தொட்டுக்கொள்ளும் மோர்மிளகாயும்தான் சிக்கல். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்ளுங்கள். கருவாடு எப்போதாவது ஒருநாள் போதும்.

திருமங்கலத்திலிருந்து: இந்துப்புக்கு மாறிவிட்டோம், போதும்தானே?

போதாது. இந்துப்பிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். அளவைக் குறைத்தால்தான் பலன்.

உசிலம்பட்டி தம்பி: நாள் முழுக்க வெயிலில் காட்டு வேலை. வேர்வையில் உப்பு போகுமே, அப்பாவுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாமா?

வேர்வையில் உப்பு போவது உண்மைதான். ஆனால் மூன்று வேளைச் சாப்பாட்டில் இருப்பதே பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். தட்டுப்பாடு வருவது தண்ணீருக்குத்தான். தண்ணீரும், உப்புப் போடாத நீர்மோரும் கொடுத்து அனுப்புங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறது என்றால் மாத்திரை அளவைப் பார்க்க வேண்டியிருக்கும், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சிம்மக்கல்லிலிருந்து: முருங்கைக்கீரை தினமும் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கீரை நல்லது, ஆனால் ஒரு கீரை மட்டும் இதைச் செய்துவிடாது. 1997இல் அமெரிக்காவில் வெளியான 'டேஷ்' ஆய்வில் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால், தயிர் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினார்கள். உப்பின் அளவை மாற்றாமலே, பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 போல இறங்கியது. நம் தட்டில் இதற்குப் புது மளிகை எதுவும் வேண்டாம். சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரைக் கூட்டும் அவரைக்காய்ப் பொரியலும் வையுங்கள், அப்புறம் ஒரு வாழைப்பழம். எண் இறங்கினால் மாத்திரையைக் குறைப்பதை டாக்டரே முடிவு செய்யட்டும்.

ஒத்தக்கடை அம்மா: அவருக்குக் கிட்னியும் கொஞ்சம் சரியில்லை. சோடியம் குறைத்த உப்பு வாங்கலாமா?

நீங்களாக வாங்காதீர்கள் அம்மா. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். கிட்னியால் அதை வெளியேற்ற முடியாவிட்டால் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். மேலே நான் சொன்ன கீரை, வாழைப்பழம், அப்புறம் இளநீர், இவற்றிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால் அவருக்கு அந்தப் பதில் பொருந்தாது. மாத்திரை அட்டைகளையும் கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் டாக்டரிடம் காட்டி, எது எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.