வாசகர் கேள்வி பதில்: பூனைக்குப் பெனடோல், நாய்க்கு எஞ்சின் ஒயில், குதிரைக்குத் தவிடு

கச்சான் காத்து அடிக்கத் தொடங்கிட்டு, வெக்கை பத்தின கேள்விதான் கனக்க வரும் எண்டு பார்த்தா மருந்தும் தீனும் பத்தித்தான் கேட்டிருக்கீங்க. முதல் கேள்வி அவசரமானது, அதால அதை முன்னுக்குப் போடுறன்.

கேள்வி: எங்கட பூனைக்கு உடம்பு சுடுது, ரெண்டு நாளா சாப்பிடவுமில்ல. பக்கத்து வீட்டு மாமி பாதிப் பெனடோல் கரைச்சுக் குடுக்கச் சொல்றா. குடுக்கலாமா?
வாசகி, அக்கரைப்பற்று

பதில்: குடுக்காதீங்க தங்கச்சி. பாதியும் வேணாம், காலும் வேணாம், பிள்ளைகளுக்குக் குடுக்கிற பாணியும் வேணாம். நாம பெனடோல் போட்டா நம்மட ஈரல் அதை உடைச்சு வெளிய அனுப்பிடும், பூனைட ஈரலுக்கு அந்த வேலை சரியாத் தெரியாது, அதால மருந்து நஞ்சா மாறி ரத்தத்தையே பழுதாக்கிடும், மறுகா அந்த ரத்தத்தால ஒக்சிசன் கொண்டு போக ஏலாது. 500 மில்லிகிராம் குளிசையில பாதி எண்டா 250, நாலு கிலோ பூனை ஒண்டு சாகிறதுக்கு அது காணும். முரசு மண்ணிறமா, நீலமா மாறும், முகமும் கால் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். ஆரும் தெரியாமக் குடுத்திருந்தா விடியட்டும் பாப்பம் எண்டு இரிக்காதீங்க, குளிசை மட்டையையும் எடுத்துக்கொண்டு மிருக டொக்டரிட்ட ஓடுங்க, நேரத்தோட போனா அதுக்கு மாத்து மருந்து இரிக்கு.

இன்னொண்டு, பூனைக்குச் சும்மாவே உடம்புச் சூடு 38, 39 பாகை. நம்மட கைக்கு எந்தப் பூனையும் சுடத்தான் செய்யும். எனக்குப் பயம் அந்த ரெண்டு நாள் பட்டினிதான். சாப்பிடாமக் கிடந்தா, அதுவும் கொழுத்த பூனை எண்டா, ஈரல்ல கொழுப்பு ஏறி அதுவே பெரிய வருத்தமாப் போயிடும். இண்டைக்கே காட்டுங்க.

கேள்வி: நாய்க்கு உண்ணி அள்ளுகொள்ளை. பழைய எஞ்சின் ஒயில் பூசினா எல்லாம் போகும் எண்டு கராஜ்ல வேலை செய்யிற அண்ணன் ஒராள் சொன்னார்.
வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: அந்த அண்ணன் மோட்டச் சைக்கிளப் பார்க்கட்டும். நாய் உடம்ப நக்கும், நக்கினா ஒயில் வயித்துக்குள்ள போகும், தோலும் வெந்து புண்ணாகும். மண்ணெண்ணையும் இதே கதைதான். நாயில நீங்க பாக்கிற உண்ணி கொஞ்சம், மிச்சமெல்லாம் அது படுக்கிற இடத்துச் சுவர் வெடிப்பு, கிடுகு வேலி, பழைய சாக்கு அதுகளுக்குள்ளதான் இரிக்கு, ரத்தம் குடிச்சு ஊதின பொட்டை உண்ணி நாய விட்டு இறங்கி சுவரால ஏறி ஒரு வெடிப்புக்குள்ள போய் ஆயிரக்கணக்கில முட்டை போடும். அதால சாக்க எரிங்க, வெடிப்பச் சீமெந்தால அடைங்க, டொக்டர் நாய் எத்தனை கிலோ எண்டு பார்த்துத் தாற மருந்தப் போடுங்க. பிடுங்கிறதெண்டா சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, விரலால நசுக்கக் கூடாது. நாய் சோர்ந்து, முரசு வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்துல போனா உண்ணிக் காய்ச்சலா இரிக்கலாம், ரத்தம் சோதிக்கணும். வீட்டுல பூனையும் இரிந்தா கவனம், நாய்க்கெண்டு விக்கிற பேமெத்ரின் கலந்த மருந்து பூனையில பட்டா வலிப்பு வந்து செத்துப் போகும்.

கேள்வி: கடற்கரையில சவாரிக்கு விடலாம் எண்டு ஒரு குதிரை வாங்கினன். மாடு வளர்த்த பழக்கம் இரிக்கு, அதே மாதிரிப் பார்த்தா காணுமா?
வாசகர், கல்குடா

பதில்: காணாது தம்பி. மாடு அசை போடும், குதிரை அசை போடாது. அதுக்குச் சத்தி எடுக்கவும் ஏலாது, பிழையா ஒண்டு உள்ள போனா வயித்துக்குத்து வந்து உருண்டு பிரண்டு உயிரே போகலாம். தீனி எதையும் திடீரெண்டு மாத்தாதீங்க, ஒரு கிழமை பத்து நாளில கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. உங்கட பக்கம் இன்னொரு கரைச்சல் மணல். தரையில புல்லப் போட்டா புல்லோட மணலும் உள்ள போய்க் குடல்ல தேங்கும், அதாலயும் வயித்துக்குத்து வரும், தொட்டி ஒண்டுல போடுங்க, தொட்டிக்குக் கீழ பழைய றப்பர் பாய் விரிங்க. நம்மட மாவட்டத்துல தவிடு மலிவு எண்டு வாளி வாளியா வைப்பீங்க எண்டு தெரியும். தவிட்டுல பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு, மாதக்கணக்கா அதையே குடுத்தா உடம்பு எலும்புல இரிக்கிற கல்சியத்த உருவி எடுக்கும், மூஞ்சி எலும்பு வீங்கும், நொண்டும். முக்கியமான தீனி புல்லுத்தான், உடம்பு நிறை 100 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ காய்ஞ்ச புல்லுக் கணக்கு.

தண்ணி ஒரு நாளைக்கு 20 லீட்டருக்குக் குறையக் கூடாது, இந்த வெக்கையில வேலை செஞ்சா 40, 50 கூடக் குடிக்கும். குதிரை நம்மள மாதிரி வேர்க்கும், வேர்வையோட உப்பும் போகும், அதால உப்புக்கட்டி ஒண்டு நக்கக் கட்டி விடுங்க. சவாரி விடியவும் பின்னேரம் நாலரைக்குப் பிறகும்தான், மத்தியானத்துல டூரிஸ்ட் எவ்வளவு காசு தந்தாலும் வேணாம். மாரியில பிரச்சினை குளம்பு. சேத்துல நிண்டா குளம்புக்கு அடியில நடுவுல இரிக்கிற முக்கோணச் சதை கறுத்து அழுகி நாறும், ஒவ்வொரு நாளும் காலத் தூக்கித் தோண்டித் துப்புரவாக்கணும், நிக்கிற இடத்த கிறவல் போட்டு உயர்த்துங்க. 6, 8 கிழமைக்கு ஒருக்கா குளம்பு சீவணும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியையும் விடாதீங்க, குதிரைக்கு ஏற்பு வாறது மத்த மிருகங்களவிட லேசு.

கேள்வி: மாரி வெள்ளத்துக்கு நாய என்ன செய்யிற?
வாசகி, கல்லடி

பதில்: முதல் சங்கிலியக் கழட்டுங்க. 2011 தை வெள்ளத்த மறந்திருக்க மாட்டீங்க, தண்ணி ஏறக்குள்ள கட்டின நாய்க்குத் தப்ப வழியில்ல. எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், வெள்ளத் தண்ணிக்குள்ள விளையாட விடாதீங்க, அதுக்குத் தடுப்பூசி இரிக்கா எண்டு டொக்டரிட்ட இப்பவே கேளுங்க. விசர்நாய் ஊசியையும் வருஷா வருஷம் போடுங்க. நாய் கடிச்சா, அது உங்கட நாயாவே இரிந்தாலும், 15 நிமிஷம் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில கழுவிப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, மஞ்சள் தூள் அப்பிக்கொண்டு இரிக்காதீங்க.

கேள்வி: பேர்சியன் பூனைக்கு வெக்கைக்கு மொட்டை அடிக்கலாமா?
வாசகர், ஏறாவூர்

பதில்: சிக்குப் பிடிச்சுக் கட்டியா இரிந்தா மட்டும் வெட்டுங்க, தோல் தெரிய வழிச்சா வெயில் நேரா தோல்லதான் படும். ஒவ்வொரு நாளும் சீப்பால சீவி விட்டாலே காத்துப் போகும். சப்பை மூஞ்சிக்காரருக்கு மூச்சு விடுறது கஷ்டம், மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழ பூட்டி வைக்காம சீமெந்துத் தரையில பேனுக்குக் கிட்டப் படுக்க விடுங்க, வாயத் திறந்து நாய் மாதிரி இளைச்சா ஈரத் துணியால துடைச்சுக்கொண்டே டொக்டரிட்டக் கொண்டு போங்க.