16 பிட் டிஃப் ஃபைல் எல்இசட்டபிள்யூ போட்டா பெருசாகுது, ஏன்?

தம்பி, அப்பாட வட்டக்களரி கூத்துக் கொப்பிய 16 பிட் டிஃப்ல ஸ்கேன் பண்ணி எல்இசட்டபிள்யூ கம்ப்ரஷன் போட்டா சைஸ் கூடுது எண்டு கேட்டிருந்தீங்க, மெஷின்ல பிழ இல்ல. எல்இசட்டபிள்யூ திரும்பத் திரும்ப வாற பைட் வரிசையப் பிடிச்சு ஒரு கோட் குடுக்கிற முறை, 16 பிட்ல ஒவ்வொரு நிற அளவுக்கும் ரெண்டு பைட், அதில சின்னச் சின்ன வித்தியாசத்தக் குறிக்கிற கீழ்ப் பைட் கிட்டத்தட்ட முழுக்க ஸ்கேனர் நொய்ஸ்தான், ஒண்டு மாதிரி மத்தது வராது, பிறகு எதப் பிடிக்கிற? ஸிப் கம்ப்ரஷன்ல மாத்திப் பாருங்க, கொஞ்சம் குறையும், பாதியாகும் எண்டு மட்டும் நினைக்காதீங்க. இல்லாட்டி 8 பிட்டுக்கு இறக்கி பிஎன்ஜில போடுங்க, மையால எழுதின கொப்பிக்கு அது தாராளம் (இறக்கின பிட் திரும்பி வராது, அத யோசிச்சுக்கங்க). குரூப் 4 (கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மட்டுமான கம்ப்ரஷன்) போடச் சொல்லி ஆரும் சொன்னா கேக்காதீங்க, அதுவும் இழப்பில்லாத முறைதான், ஆனா அதுக்காகக் கறுப்பு வெள்ளையாக்கக்குள்ளயே மங்கின எழுத்தெல்லாம் போயிரும்.