ஐரோப்பிய விண்வெளி: கணக்கும் உறவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஜெர்மனியில் விண்வெளிப் பொறியியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. கடன் வாங்கித்தான் போகவேண்டும். அப்பா தயங்குகிறார். 2025 நவம்பரில் ஜெர்மனியின் பிரெமன் நகரில் கூடிய ஐரோப்பிய விண்வெளி முகமையின் அமைச்சர்கள், அடுத்த மூன்றாண்டுத் திட்டங்களுக்கு சுமார் 2,210 கோடி யூரோ தருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்று படித்தேன். ஆனால் 23 நாடுகள் உட்கார்ந்து சந்தைக்கடை மாதிரி பேரம் பேசுகின்றன. போட்ட பணத்துக்கு ஈடான வேலையை ஒவ்வொருவரும் தங்கள் நாட்டுக்கே இழுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனம் செய்வதை இத்தனை நாடுகள் சேர்ந்தும் செய்யமுடியவில்லை. நம் இஸ்ரோவின் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் வீண் இல்லையா? ஐரோப்பாவை நம்பிப் போகலாமா?

க., நாகர்கோவில்

அன்புள்ள க.,

படிப்பு நல்ல படிப்பு. போங்கள். ஆனால் ஐரோப்பிய விண்வெளி முகமை, அதாவது ஈசா, நேரடி வேலைக்குப் பெரும்பாலும் உறுப்பு நாடுகளின் குடிமக்களைத்தான் எடுக்கும். அது தெரிந்து போங்கள். உங்களுக்கு வாய்ப்பிருப்பது தொழில் நிறுவனங்களிலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும். கடனை எப்படித் திருப்புவது என்று அப்பாவோடு உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அவர் தயங்குவதைத் தடை என்று நினைக்காதீர்கள். கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்.

இஸ்ரோவோடு செலவை ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். சம்பளம் வேறு, வேலையின் அளவு வேறு. ஸ்பேஸ்எக்ஸ் பற்றியும் அப்படித்தான். அது எழுந்து நின்றதில் நாசா தந்த ஒப்பந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தனியாரின் வெற்றி என்று மட்டும் சொல்வது பாதிக் கதை.

என்னை இந்தப் பதில் எழுத வைத்தது பேரத்தைப் பற்றிய உங்கள் இளக்காரம்தான். படித்த பிள்ளை நீங்கள். பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் முகம் சுளிக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

1960களில் ஐரோப்பா முதன்முதலாக ஒரு கூட்டு ராக்கெட் செய்தது. பெயரே யூரோப்பா. பிரிட்டன் தன் ஏவுகணைத் திட்டம் ஒன்றைக் கைவிட்டிருந்தது, அந்த புளூ ஸ்ட்ரீக் முதல் அடுக்கானது. இரண்டாம் அடுக்கு பிரான்சுடையது, மூன்றாம் அடுக்கு ஜெர்மனியுடையது. சோதனைச் செயற்கைக்கோள் இத்தாலியின் பங்கு. ஏவும் இடம் ஆஸ்திரேலியாவின் வூமெரா. கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? ஆனால் முழு ராக்கெட்டுக்கும் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. எல்டோ என்று இந்த நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று இருந்தது, அதன் செயலகத்துக்கு அதிகாரம் கிடையாது. அந்தந்த அரசு தன் தொழிற்சாலையோடு தானே பேசிக்கொண்டது. விளைவைப் பாருங்கள். 1967இல் இரண்டு முறை முதல் அடுக்கு ஒழுங்காக மேலே போனது, இரண்டாம் அடுக்கு வேலை செய்யவில்லை. 1968, 1969 இரண்டிலும் மூன்றாம் அடுக்கு காலை வாரியது. 1970 ஜூனில் மூன்று அடுக்குகளும் வேலை செய்தன. ஆனால் நுனியில் இருக்கும் மூடி கழலவில்லை. அந்தச் சுமையோடு சுற்றுப்பாதையை எட்ட முடியாமல் செயற்கைக்கோள் விழுந்தது. 1971 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து யூரோப்பா-2 கிளம்பி வழியிலேயே உடைந்தது. கடைசிவரை ஒன்றுகூடச் சுற்றுப்பாதைக்குப் போகவில்லை.

இதற்குப் பிறகு ஐரோப்பாவைக் காப்பாற்றியது எது? பேரம்தான். 1973 ஜூலை கடைசியில் பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடினார்கள். பிரான்சுக்குச் சொந்த ராக்கெட் வேண்டும். ஜெர்மனிக்கு அமெரிக்க விண்கலத்தில் ஏறும் ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடம் வேண்டும். பிரிட்டனுக்குக் கப்பல் தொடர்புக்கான செயற்கைக்கோள் வேண்டும். ஒருவர் ஆசையில் மற்றவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனாலும் ஒருவர் திட்டத்துக்கு மற்றவர் கொஞ்சம் பணம் போடுவது என்று முடிவானது. ராக்கெட்டின் செலவில் பாதிக்கு மேல் பிரான்ஸ் ஏற்றது, பொறுப்பையும் தானே எடுத்துக்கொண்டது. 1975இல் ஈசா பிறந்தது. 1979 டிசம்பர் 24 அன்று அந்த ராக்கெட், ஏரியான், தன் முதல் பயணத்திலேயே சுற்றுப்பாதைக்குப் போனது.

நீங்கள் குறைசொல்லும் விதி, போட்ட பணத்தின் அளவுக்கு அந்த நாட்டின் தொழிலுக்கு வேலை திரும்ப வேண்டும் என்பது, அந்தக் காலத்தின் பாடம். இதனால் வேலை பல ஊர்களில் சிதறுகிறது, விலை ஏறுகிறது என்பது உண்மை. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்காக மரியோ திராகி எழுதிய அறிக்கையும் இதைப் படிப்படியாக விலக்கச் சொல்கிறது. ராக்கெட் விஷயத்தில் தளர்த்தலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒரேயடியாக எடுத்துவிட்டால் என்ன ஆகும்? போர்ச்சுகலின் நிதியமைச்சரோ செக் நாட்டின் நிதியமைச்சரோ தன் மக்களிடம் போய், நம் வரிப்பணம் பிரான்சின் துலூஸுக்கும் ஜெர்மனியின் பிரெமனுக்கும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை வருடம் சொல்வார்?

எங்கள் ஊர் மகேந்திரகிரி மலையின் அடிவாரம். சித்தப்பா அங்கே இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனைத் தளத்தில் டெக்னீஷியனாக இருந்தார். விகாஸ் எஞ்சினைச் சோதிக்கும் நாளில் அதன் உறுமல் எங்கள் திண்ணைவரை வரும். அந்த எஞ்சின் ஏரியானின் வைக்கிங் எஞ்சின் வழி வந்தது. 1974 ஒப்பந்தத்தின்படி நம் பொறியாளர்கள் பிரான்சின் வெர்னான் ஊருக்குப் போய் வைக்கிங் வேலையில் கலந்துகொண்டார்கள். தொழில்நுட்பத்தின் விலையை உழைப்பாகக் கொடுத்தோம். வெள்ளைக்காரன் நமக்கு ஏன் சொல்லிக்கொடுத்தான் என்று சின்னப் பையனாக நான் கேட்டேன். சித்தப்பா சொன்னார்: “சும்மா ஒண்ணும் குடுக்கலடே. நம்ம ஆளுவ அங்க போயி வேல பாத்துக் குடுத்தாவ. ரெண்டு பக்கமும் கணக்கு நேரா இருந்துச்சு. ஒருத்தரும் ஒருத்தருக்குக் கடன்படல.”

அவர் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவர் இல்லை. ஐரோப்பிய விண்வெளிக் கூட்டுறவைப் பற்றி எத்தனையோ கட்டுரைகளைப் படித்துவிட்டேன். அவர் அன்று சொன்னதற்கு மேல் பெரிதாக எதுவும் அவற்றில் இல்லை.

கணக்கில்லாமல் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் ஐரோப்பா பட்டுத்தான் தெரிந்துகொண்டது. பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து சிம்ஃபனி என்ற தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளைச் செய்தன. சொந்த ராக்கெட் இல்லாததால் 1974இல் அமெரிக்க ராக்கெட்டில் ஏற்றினார்கள். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, சோதனைக்கு மட்டும்தான் என்ற நிபந்தனையோடுதான் அமெரிக்கா ஏற்றியது. உங்கள் பொருளை வைத்து நீங்கள் பிழைக்கலாமா என்பதை வண்டிக்காரன் முடிவு செய்தான். ஏரியான் வேண்டும் என்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்ததில், ஏற்றுவதற்கு முன்பே பேச்சுவார்த்தையில் பட்ட இந்த அவமானத்துக்குப் பங்கு உண்டு.

1981இல் இன்னொன்று. சூரியனின் துருவங்களைப் பார்க்க நாசா ஒரு கலமும் ஈசா ஒரு கலமும் அனுப்புவதாக முன்பே ஒப்பந்தம். பட்ஜெட் வெட்டு வந்தது, நாசா தன் கலத்தை ரத்து செய்துவிட்டது. ஈசாவின் யுலிசிஸ் 1990இல் தனியாகப் போனது.

அப்புறம் செவ்வாய்க்கான எக்ஸோமார்ஸ் திட்டம். 2012இல் நாசா விலகியது. ஈசா ரஷ்யாவோடு சேர்ந்தது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி தயாராகி 2022 செப்டம்பரில் கிளம்ப இருந்தது. பிப்ரவரியில் உக்ரைன் போர், மார்ச்சில் கூட்டு நின்றது. செவ்வாயின் தரையில் இரண்டு மீட்டர் ஆழம் துளைத்து உயிரின் தடயம் தேடச் செய்த ஊர்தி, கிளம்ப வழியில்லாமல் இத்தாலியில் பெட்டிக்குள் போனது. அதைச் செய்தவர்களை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதே மாதங்களில் கூரூவிலிருந்து ஐரோப்பாவுக்காகப் பறந்த ரஷ்ய சோயுஸ் ராக்கெட்டுகளும் நின்றன. ஏரியான்-6 தாமதமாகிக்கொண்டே போனது. 2022 டிசம்பரில் ஐரோப்பாவின் சிறிய ராக்கெட்டான வேகா-சி தோற்றது. 2023 ஜூலை 5 அன்று ஏரியான்-5 கடைசியாகப் பறந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கி ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன்-9 மேல் ஏறிப் போயிருந்தது. 2024 ஜூலையில் ஏரியான்-6 பறக்கும்வரை ஒரு வருடம், பெரிய செயற்கைக்கோளைத் தானே ஏவ ஐரோப்பாவிடம் எதுவும் இல்லை. ஏரியானின் நாற்பது வருட அனுபவம் இருந்தும் இந்த நிலை. நீங்கள் சொல்லும் அந்தத் தனியார் நிறுவனத்திடம் பணம் கட்டி ஏறுவதில் தவறில்லை. வேறு வழியே இல்லாமல் ஏறுவதுதான் தவறு.

இவ்வளவும் நடந்த பிறகு ஒருவர் பிரெமனில் பேரம் பேசியதை வீண் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும். 2022 பாரிஸ் கூட்டத்தில் கிடைத்தது 1,690 கோடி யூரோ. மூன்றே வருடத்தில் 2,210 கோடி. ஜெர்மனி மட்டும் 500 கோடிக்கு மேல். அந்த நாட்டுக்குத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் இப்போது 2028இல் கிளம்ப வேண்டும். ரஷ்யா செய்திருந்த இறங்குமேடைக்குப் பதிலாகப் புதியதைச் செய்யும் வேலை பிரிட்டனில் ஏர்பஸ்ஸிடம் இருக்கிறது. ஏவும் ராக்கெட்டும், செவ்வாயின் குளிரில் ஊர்தியைக் காக்கும் சிறிய கதிரியக்க வெப்ப அலகுகளும் நாசா தரவேண்டியவை. 2025 மே மாதம் வெள்ளை மாளிகை முன்வைத்த பட்ஜெட்டில் நாசாவின் இந்தப் பங்கும் வெட்டுப் பட்டியலில் இருந்தது. நவம்பரில்தான் தருகிறோம் என்று உறுதி வந்தது. அந்த மாதிரி வெப்ப அலகுகளை அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு தானே செய்துகொள்ளும் வேலையை ஈசா தொடங்கியிருக்கிறது. அதற்கும் பணம் இந்தக் கூட்டங்களில், நாடு நாடாகப் பேசித்தான் வருகிறது.