சிஎன்சி ரவுட்டர்ல ஸ்பிண்டில் ஆன் பண்ணா யுஎஸ்பி கட் ஆகுது, லிமிட் ஸ்விட்ச் தொடாமலே அலாரம் 1 வருது, போர்டு போயிடுச்சா?

போர்டு போயிருக்காதுன்னுதான் தோணுது ப்ரோ, அவசரப்பட்டு புதுசு ஆர்டர் போட்டுடாதீங்க. 3018 மெஷின், ஜிஆர்பிஎல் (மெஷின ஓட்டற சாஃப்ட்வேர்) போர்டு, 24 வோல்ட் சப்ளை, ஸ்பிண்டிலுக்கு (வெட்டற பிட்ட சுத்தறது) 775 மோட்டார், ஸ்பிண்டில் இல்லாம காத்துல ஓட்டினா முழு ஜாபும் ஒழுங்கா முடியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. போர்டுல கோளாறுன்னா அப்பவும் மக்கர் பண்ணியிருக்கணும்ல.

775ங்கறது பிரஷ் மோட்டார். உள்ள கார்பன் பிரஷ் கம்யூட்டேட்டர்ல உரசிக்கிட்டே பொறி விடும், அந்த நாய்ஸ் மோட்டார் ஒயர் வழியா வெளிய வந்து பக்கத்துல போற லிமிட் ஸ்விட்ச் (ஆக்சிஸ் ஓரத்துக்கு வந்தா மெஷின நிறுத்தற ஸ்விட்ச்) ஒயர், யுஎஸ்பி கேபிள்னு எல்லாத்துலயும் ஏறிக்கும். மெஷின் கூட வர்ற கேபிள் டைல எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டி வெச்சிருந்தீங்கன்னா அதை வெட்டி விடணும், பாக்க அழகா இருக்கும், ஆனா வினையே அங்கதான்.

ஒயர்ல கை வெக்கறதுக்கு முன்னாடி கன்சோல்ல (கம்ப்யூட்டர்ல போர்டு அனுப்பற மெசேஜ் வர்ற ஜன்னல்) என்ன வருதுன்னு பாருங்க, பாதி பேர் இதை பாக்கறதே இல்ல. கம்ப்யூட்டர்ல காம் போர்ட்டே (போர்டோட யுஎஸ்பி கனெக்‌ஷன்) காணாமப் போச்சுன்னா நாய்ஸ் யுஎஸ்பில ஏறுது. காம் போர்ட் அப்படியே இருக்கு, நீங்க கனெக்ட் எதுவும் அமுக்கல, ஆனா ஜிஆர்பிஎல்லோட வெல்கம் வரி திரும்ப வருதுன்னா சிப் ரீசெட் ஆகியிருக்கு, பெரும்பாலும் வோல்டேஜ் இறங்கியிருக்கும், இல்லன்னா ஏ0 பின்ல நாய்ஸ், ஏன்னா அதுதான் அபார்ட் பின் (வேலைய பாதில நிறுத்தி ரீசெட் பண்றது). ஒண்ணுமே சொல்லாம தானா ஹோல்டுல போய் நின்னா ஏ1 பின்ன சந்தேகப்படுங்க, அதுதான் ஹோல்டு பின். எந்த மெசேஜும் இல்லாம வெட்டு மட்டும் தள்ளிப் போகுதுன்னா அது வேற கதை, ஆக்சிஸ் மோட்டார ஓட்டற டிரைவர்ல கரண்ட் பத்தல இல்ல சூடாகுது.

சப்ளைய ரெண்டே நிமிஷத்துல பாத்துடலாம். மல்டிமீட்டர டிசில வெச்சு போர்டோட 24 வோல்ட் ஸ்க்ரூ டெர்மினல்லயே பிடிங்க, அடாப்டர் முனைல இல்ல. ஸ்பிண்டில் கெளம்பும்போது 22க்கு கீழ இறங்குச்சுன்னா ஒயர் மெல்லிசு இல்ல எங்கயோ லூஸ் கான்டாக்ட். ஒயர் நுனில ஈயம் வெச்சு ஸ்க்ரூல முறுக்கியிருந்தா அந்த ஈயம் போகப்போக அமுங்கி லூஸ் ஆயிடும், ஈயத்த வெட்டிட்டு லக்கு (ஒயர் நுனில அமுக்கி மாட்டற உலோக முனை) அடிச்சு மாட்டுங்க.

லேப்டாப் சார்ஜர கழட்டிட்டு பேட்டரில ஓட்டிப் பாருங்க. பிரச்சனை போயிடுச்சுன்னா கிரவுண்ட் லூப்தான் (கிரவுண்டு ரெண்டு வழியா சேந்து நாய்ஸ் சுத்தறது), யுஎஸ்பி ஐசொலேட்டர் ஒண்ணு நடுவுல போட்டா முடிஞ்சுது. பவர் ஆப்ஷன்ல யுஎஸ்பி சஸ்பெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க.

நாய்ஸுக்கு மருந்து ரொம்ப சல்லிசு. 104 (0.1 மைக்ரோஃபாரட்) செராமிக் கெபாசிட்டர், 50 வோல்ட்டுக்கு மேல உள்ளதா, மோட்டாரோட ரெண்டு முனைக்கும் நடுவுல ஒண்ணு, ஒவ்வொரு முனைலேர்ந்தும் மோட்டார் பாடிக்கு ஒண்ணு, மொத்தம் மூணு. மோட்டார் மேலயே சால்டர் பண்ணணும், போர்டு பக்கம் வெச்சு பிரயோஜனம் இல்ல. ஸ்பிண்டில் ஒயர் ரெண்டையும் முறுக்கி விட்டு லிமிட் ஒயர்லேர்ந்து தள்ளி வேற பக்கமா கொண்டு போங்க. சென்னைல இருந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல இதெல்லாம் சில்லறைக்கு கிடைக்கும்.

லிமிட் ஸ்விட்ச் அலாரத்துக்கு, அதாவது அந்த அலாரம் 1க்கு காரணம், சிப்போட உள் புல்அப் (பின்ன 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கற ரெசிஸ்டர்) 20லேர்ந்து 50 கிலோ ஓம் வரைக்கும் இருக்கும், ரொம்ப வீக், லேசா நாய்ஸ் பட்டாலே ஸ்விட்ச் அமுங்கிடுச்சுன்னு நெனச்சுக்கும். சும்மா டெஸ்டுக்கு $21=0 போட்டு ஹார்ட் லிமிட்ட ஆஃப் பண்ணி ஓட்டுங்க, கை பவர் ஸ்விட்ச் பக்கத்துலயே இருக்கட்டும். நிரந்தரமா வேணும்னா பின்லேர்ந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம், கிரவுண்டுக்கு ஒரு 104. இன்னும் நல்ல வழி ஸ்விட்ச்ச என்சி முனைக்கு (அமுக்காதப்போ மூடியே இருக்கறது) மாத்தி $5=1 போடறது, ஆனா ஒரே ஆக்சிஸ்ல ரெண்டு ஸ்விட்ச் இருந்தா அப்ப அதுங்க சீரிஸ்ல வரணும், பேரலல்ல விட்டீங்கன்னா ஒண்ணு அமுங்கினாலும் தெரியவே தெரியாது.

அப்புறம் ஃப்ரேம தொட்டா சுர்ருன்னு இருக்குன்னு போற போக்குல சொல்லியிருக்கீங்க, அதை லேசா விடாதீங்க. மெட்டல் பெட்டி எஸ்எம்பிஎஸ்க்கு (24 வோல்ட் தர்ற பவர் சப்ளை) எர்த் இல்லன்னா உள்ள இருக்கற ஃபில்டர் கெபாசிட்டர் ரெண்டும் சேந்து பாடில 115 வோல்ட் பக்கம் நிக்க வெச்சிடும், கரண்ட் ரொம்ப கம்மிதான், ஆனா டெஸ்டர் எரியும். பிளக் பாயின்ட்ல மல்டிமீட்டர ஏசில வெச்சு ஃபேஸ் எர்த் பாருங்க, 230 பக்கம் வரணும், நியூட்ரல் எர்த் நடுவுல ஒண்ணு ரெண்டு வோல்ட்தான் இருக்கணும். வரலைன்னா எலக்ட்ரீஷியன கூப்பிட்டு எர்த்த சரி பண்ணிட்டுத்தான் மெஷினே ஆன் பண்ணணும். மூணு முள் பிளக்குல ரெண்டு ஒயர் மட்டும் மாட்டி விக்கிறவங்களும் இருக்காங்க, பிளக்க கழட்டியும் பாத்துடுங்க.

எம்டிஎஃப் வெட்டும்போது வேக்குவம் ஹோஸ் போட்டிருந்தீங்கன்னா அதுலயும் ஸ்டாட்டிக் ஏறி இதே அலாரம் வரும், ஒரு காப்பர் ஒயர ஹோஸ் நீளத்துக்கும் சுத்தி எர்த்ல குடுத்துடுங்க.

மொதல்ல கன்சோல்ல என்ன வருதுன்னு கமெண்ட்ல போடுங்க, அதை வெச்சு மேல பாக்கலாம்.